ஹோட்டல் முகாமைத்துவ டிப்ளோமாவுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: எனக்கு வயது 23. பண்டாரவளைக்கு அருகே ஒரு தோட்டத்தில் அம்மாவோடும் தம்பியோடும் இருக்கிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. இரண்டரை வருடமாக எல்லவில் 12 அறைகள் உள்ள ஒரு விடுதியில் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன். ஹோட்டல் முகாமைத்துவம் படிக்க ஆசை. ஒரு தனியார் கல்லூரியில் ஆறு மாத டிப்ளோமாவுக்கு 275,000 ரூபா கேட்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கட்டினால் 50,000 குறைப்பார்களாம், முடித்ததும் வெளிநாட்டில் வேலை நிச்சயமாம். அம்மா நகையை அடகு வைக்கத் தயார். ஆனால் ஹோட்டல் வேலை என்றாலே அவருக்குப் பயம். எனக்கு ஆங்கிலமும் சுமார்தான். சேரலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகை பெட்டியிலேயே இருக்கட்டும். அந்தக் கல்லூரி நல்லதா கெட்டதா என்பதைப் பிறகு பார்ப்போம். இரண்டரை வருடம் ரிசெப்ஷனில் நின்ற ஒருவர், ‘விருந்தினரை வரவேற்பது எப்படி’ என்று முதல் பாடத்திலிருந்து படிக்க இரண்டே முக்கால் லட்சம் கட்டுவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை. உங்கள் அனுபவத்துக்கே தேசியச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. முதலில் அதை எடுங்கள். முகாமைத்துவப் படிப்பை அதன் மேல் கட்டுங்கள். உங்கள் நிலைமைக்கு இந்த வரிசைதான் பொருந்தும்.

நம் நாட்டில் தொழிற்கல்விச் சான்றிதழ்களை ஒரே ஏணியில் வைத்திருக்கிறார்கள். தேசிய தொழில் தகைமை, எல்லோரும் சொல்கிறபடி என்.வி.கியூ. மொத்தம் ஏழு மட்டங்கள். ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ்கள். நான்காம் மட்டம் எடுத்தவர், யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காமல் தன் வேலையைத் தானே செய்யக்கூடியவர் என்று பொருள். ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். மேற்பார்வையும் முகாமைத்துவமும் அங்கேதான் தொடங்குகின்றன. ஏழு என்பது பட்டத்துக்குச் சமம். இதையெல்லாம் ஒழுங்குபடுத்துவது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அரச நிறுவனம் அது. நாரஹேன்பிட்டி ‘நிபுணதா பியச’ கட்டடத்தில் இருக்கிறது.

தனியார் கல்லூரிகளைப் பற்றி ஒரு விஷயம். ‘நாங்கள் ஆணைக்குழுவில் பதிவு செய்த நிறுவனம்’ என்று சொல்லி ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நிறுவனத்தின் பதிவு வேறு, பாடநெறிக்கான தராதர அங்கீகாரம் வேறு. நிறுவனம் பதிவாகியிருந்தும் நீங்கள் சேரப்போகும் பாடநெறி அங்கீகாரம் பெறாமல் இருந்தால், கடைசியில் கிடைப்பது அந்தக் கல்லூரியின் சொந்தச் சான்றிதழ்தான், என்.வி.கியூ அல்ல. ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கேட்கவேண்டிய கேள்வியும் சின்னதுதான்: ‘இந்தப் பாடநெறி என்.வி.கியூவில் எத்தனையாம் மட்டம், அங்கீகாரம் எந்தத் திகதி வரை செல்லும்?’ பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஆணைக்குழுவுக்குத் தொலைபேசி எடுத்தோ இணையத்தளத்தில் பார்த்தோ ஒத்துப்பாருங்கள். அங்கீகாரம் காலவரையறை உள்ளது. முடிந்துபோன அங்கீகாரத்தைக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் நடக்கும்.

சிலர் லண்டன் சிட்டி அண்ட் கில்ட்ஸ், பியர்சன் பி.டி.ஈ.சி போன்ற வெளிநாட்டுத் தகைமைகளைச் சொல்வார்கள். அவை மதிப்புள்ளவைதான். ஆனால் அவர்களுடைய ‘லெவல் 3’ வேறு, நமது மூன்றாம் மட்டம் வேறு. எண் ஒன்றாக இருப்பதால் தரமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கல்லூரி அந்த அமைப்பின் அனுமதி பெற்ற நிலையமா என்பதை அந்த அமைப்பிடமே கேட்கவேண்டும்.

வெளிநாட்டு வேலைக்கு வருவோம். அதற்கு ஆள் சேர்க்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கல்லூரியிடமோ, அது கைகாட்டும் முகவரிடமோ அந்தப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த ‘நிச்சயம்’ வெறும் வாய்ச்சொல். 50,000 கழிவும் மாதக் கடைசிக் கெடுவும் உங்களை யோசிக்க விடாமல் செய்யும் வேலை. ஒழுங்கான நிறுவனம் அடுத்த தொகுதிக்கும் ஆள் சேர்க்கும்.

இப்போது உங்கள் வழி. வேலை செய்து கற்றதை மதிப்பிட்டு என்.வி.கியூ கொடுப்பதை முன்கற்றல் அங்கீகாரம் என்பார்கள். பயிலுனர் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில், உங்களுக்கு அது பதுளையில், ‘ஆர்.பி.எல்’ என்று கேட்டாலே விண்ணப்பம் தருவார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் விசாரிக்கலாம். விண்ணப்பத்தோடு அல்லது அதற்கு முன்பே, உங்கள் தொழிலுக்கான தேர்ச்சி நியமத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வேலை அதில் அலகு அலகாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: முன்பதிவு எடுப்பது, விருந்தினரைப் பதிவது, கணக்கை முடிப்பது, முறைப்பாட்டைக் கையாள்வது என்று. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘செய்கிறேன்’, ‘எப்போதாவது’, ‘செய்ததே இல்லை’ என்று உண்மையாக எழுதுங்கள். அதுதான் இனி உங்கள் பாடப்புத்தகம்.

12 அறை விடுதியில் வேலை செய்தவர்களுக்கு இடைவெளி விழும் இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒரு பஸ் நிறைய வரும் குழுவை ஒரே நேரத்தில் பதிவது, அன்றைய கணக்கை நள்ளிரவில் மூடும் நைட் ஓடிட், பாதுகாப்புப் பெட்டிப் பதிவேடு, ஹோட்டல் மென்பொருள். இவற்றுக்காக முழுப் பாடநெறி தேவையில்லை. நவம்பரில் உங்கள் விடுதி ஓய்வாக இருக்கும்போது, 40, 50 அறைகள் உள்ள ஒரு ஹோட்டலில் இரண்டு வாரம் நின்று பழக உங்கள் மனேஜரையே பேசச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் மனேஜர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

அடுத்தது ஆதாரக் கோப்பு. அதில் கனமானது சேவைக் கடிதம். ‘இவர் நேர்மையானவர், கடின உழைப்பாளி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’ என்ற கடிதம் மதிப்பீட்டாளருக்கு எதையும் சொல்லாது. வேலைக்குச் சேர்ந்த திகதி, பதவி, நாளாந்தம் செய்யும் வேலைகள் ஏழெட்டு வரியில், அறைகளின் எண்ணிக்கை, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் விடுதியின் பதிவு இலக்கம், கையொப்பமிடுபவரின் பெயரும் பதவியும், இவை இருக்கவேண்டும். கடிதத்தில் உள்ள திகதி உங்கள் சேமலாப நிதிப் பதிவோடு பொருந்தவும் வேண்டும். கடிதத்தில் இரண்டரை வருடமும் சேமலாப நிதியில் பதினான்கு மாதமும் இருந்தால் கேள்வி வரும். அப்படி இருந்தால் சம்பளச் சிட்டைகளை, வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த பக்கங்களைச் சேர்த்துவையுங்கள்.

மற்றப் பக்கங்களில், நீங்கள் நிரப்பிய பதிவு அட்டை, முன்பதிவு மின்னஞ்சல், பில், ஷிப்ட் மாறும்போது எழுதும் லொக் புத்தகத்தின் பக்கம், நீங்கள் மேசையில் நிற்கும் படங்கள். விருந்தினரின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், தொலைபேசி எல்லாவற்றையும் கறுப்பு மையால் மறைத்துவிட்டுப் பிரதி எடுங்கள். மறைக்காமல் கொண்டுபோனால், அந்தரங்கம் காக்கத் தெரியாதவர் என்பதற்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். விடுதியின் அனுமதி கேட்காமல் ஒரு தாளையும் வெளியே கொண்டுபோகவும் கூடாது.

மதிப்பீட்டு நாளில் புள்ளிகள் கிடையாது. ஒவ்வொரு அலகிலும் தேர்ச்சி உண்டு, அல்லது இன்னும் இல்லை. சிலவற்றில் இல்லை என்று வந்தால் அவற்றைப் பழகிக்கொண்டு திரும்ப முகம்கொடுக்கலாம். எழுதுவதைவிடச் செய்துகாட்டுவதும் வாய்மொழிக் கேள்வியுமே அதிகம். கேள்வியைத் தமிழில் கேட்கலாமா என்று விண்ணப்பிக்கும்போதே விசாரித்துவிடுங்கள். மதிப்பீட்டாளர் வந்து உட்கார்ந்த பிறகு கேட்டால் அவருக்கும் சங்கடம்.

செய்துகாட்டச் சொல்வதில் செக்-இன் அநேகமாகக் கட்டாயம் இருக்கும். தினமும் செய்கிற வேலைதானே என்று போய் அனுபவசாலிகளே சறுக்குவது இதில்தான், ஏனென்றால் சின்ன விடுதியில் பழகிய குறுக்குவழி கைவந்துவிடும். வரிசை இப்படி இருக்கட்டும். விருந்தினர் வாசலுக்கு வந்ததும் கையில் உள்ளதை வைத்துவிட்டு முகம் பார்த்து வணக்கம். பெயரைக் கேட்டு முன்பதிவை எடுங்கள். பிறகு நான்கு விஷயங்களை அவரிடமே வாய்விட்டு உறுதிப்படுத்துங்கள்: எத்தனை இரவு, எந்த வகை அறை, எத்தனை பேர், எந்தச் சாப்பாட்டு முறை. கடைசியானதை விட்டுவிடுவார்கள். காலையுணவு மட்டும் சேர்ந்த அறையா, இராச்சாப்பாடும் சேர்ந்த ஹாஃப் போர்டா என்று முதல் நாள் சொல்லாததால்தான் மூன்றாம் நாள் பில்லில் இராச்சாப்பாட்டைப் பார்த்து விருந்தினர் சத்தம் போடுவார். பிறகு கடவுச்சீட்டு, பதிவு அட்டை, கையொப்பம். பணம் எப்படிக் கட்டுவார், அட்டையா காசா, இணையத்தளத்தில் ஏற்கனவே கட்டியாயிற்றா என்பதை இப்போதே கேளுங்கள், போகும்போது அல்ல. அறை இலக்கத்தை லொபியில் உரக்கச் சொல்லக்கூடாது, சாவி உறையில் எழுதிக் காட்டவேண்டும். தனியாக வந்த பெண் விருந்தினர் என்றால் இது இன்னும் முக்கியம், மதிப்பீட்டாளர் இதைக் கவனிப்பார். முடிவில் காலையுணவு நேரம், வைஃபை, சுடுநீர். மலைநாட்டில் சுடுநீர் பற்றிய விளக்கம் தனியாக ஒரு நிமிடம் பெறும். குழாயைத் திறந்து எவ்வளவு நேரத்தில் சூடு வரும், கீசர் சுவிட்ச் எங்கே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், இரவு பத்து மணிக்கு வரும் முறைப்பாடுகளில் பாதி வராது.

நான்காம் மட்டம் கைக்கு வந்த பிறகு உங்களுக்கு இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று, உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம், ஊர்வாயில் ‘ஹோட்டல் ஸ்கூல்’. 1964இல் தொடங்கியது, தலைமையகம் கொழும்பு காலி வீதியில். பண்டாரவளையிலும் கண்டியிலும் கிளைப் பாடசாலைகள் உண்டு. சமையல், உணவு பரிமாறல், ஹவுஸ்கீப்பிங், ரிசெப்ஷன் என்று தனித்தனிச் சான்றிதழ்ப் பாடநெறிகளும், அவற்றுக்கு மேல் டிப்ளோமாவும் அவர்களிடம் இருக்கின்றன. நேர்முகத்தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். உங்கள் அனுபவமும் நான்காம் மட்டமும் அங்கே பேசும். எந்தப் பாடநெறி எந்தக் கிளையில் நடக்கிறது, அதன் என்.வி.கியூ மட்டம் என்ன, கட்டணம் எத்தனை தவணை என்பதை நேரில் போய்க் கேளுங்கள். பஸ் செலவு உங்களுக்கு ஒரு பொருட்டல்ல.

மற்றது, நான்கிலிருந்து ஐந்தாம் மட்ட டிப்ளோமா, பிறகு ஆறு, அதன்பின் இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பாதை. உயர்தர வெட்டுப்புள்ளியால் அடைபட்ட கதவு இந்தப் பக்கத்தால் திறக்கும். பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் விருந்தோம்பல் சுற்றுலாப் பட்டம் இருக்கிறது. ஆனால் அது உயர்தரப் பெறுபேற்றில் எடுப்பது. அதை உங்கள் தம்பிக்குச் சொல்லிவையுங்கள்.

படிப்பு தொடங்குவது வரை சும்மா இருக்கவேண்டாம். முகாமைத்துவம் என்று கல்லூரிகள் விற்பதில் பாதிக்கு மேல் கணக்கு. வர்த்தகப் பிரிவு படித்த உங்களுக்கு அது கஷ்டமே இல்லை, அதற்கான இலக்கங்கள் எல்லாம் உங்கள் மேசை இலாச்சியிலேயே கிடக்கின்றன.

உங்கள் விடுதியையே எடுங்கள். 12 அறை, 30 நாள், ஆக விற்கக்கூடியது 360 அறை-இரவுகள். ஒரு மாதம் 216 விற்றதாக வையுங்கள். நிரம்பல் வீதம் 60. அறை வருமானம் 3,240,000 ரூபா என்றால், விற்ற அறை ஒன்றுக்குச் சராசரி 15,000. ஆனால் இந்த இரண்டையும் தனித்தனியே பார்த்தால் ஒன்றும் விளங்காது. வருமானத்தை விற்காத அறைகளையும் சேர்த்து 360ஆல் பிரியுங்கள்: 9,000. ஹோட்டல்காரர்கள் ‘ரெவ்பார்’ என்று சொல்வது இதைத்தான்.

அடுத்த மாதம் முதலாளி பயந்துபோய் விலையை 11,000க்கு இறக்குகிறார். 288 அறை-இரவுகள் விற்கின்றன, நிரம்பல் 80 வீதம், எல்லோருக்கும் சந்தோஷம். வருமானம் 3,168,000. அதாவது 72,000 குறைவு. ரெவ்பார் 8,800. அதோடு முடியவில்லை. மேலதிகமாக 72 அறைகளைக் கழுவித் துடைத்து, விரிப்பு மாற்றி, காலையுணவு கொடுத்திருக்கிறீர்கள். ஒரு அறைக்கு அந்தச் செலவு 2,000 என்று வைத்தால் 144,000. ஆக, விடுதி நிறைந்து வழிந்த மாதத்தில் கைக்கு வந்தது 216,000 ரூபா குறைவு. அறை நிரம்பினால் லாபம் என்று நினைக்கும் முதலாளிகள் எல்லவிலும் நுவரெலியாவிலும் நிறையப் பேர். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு அமைதியாகக் காட்டத் தெரிந்தவரைத்தான் மேற்பார்வையாளராக உயர்த்துவார்கள். (காட்டும்போது முதலாளியின் மைத்துனர்தான் விலையை இறக்கச் சொன்னாரா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

இணையப் பதிவுத் தளத்தின் தரகையும் சேர்த்துப் பாருங்கள். 15 வீதம் தரகு என்றால் 15,000 அறையில் கைக்கு வருவது 12,750. நேரடியாகத் தொலைபேசியில் கேட்கும் விருந்தினருக்கு 13,500 என்று சொன்னால் அவருக்கும் லாபம், விடுதிக்கும் லாபம். ஆனால் தளத்தோடு செய்த உடன்படிக்கை அதற்கு இடம் கொடுக்கிறதா என்று மனேஜரிடம் கேட்டபின்.

சமையலறைக் கணக்கு இன்னொன்று. மாதத் தொடக்கத்தில் கையிருப்பு 180,000, வாங்கியது 420,000, மாத முடிவில் மிச்சம் 150,000. பாவித்தது 450,000. அதில் ஊழியர் சாப்பாடு 50,000ஐக் கழித்தால் 400,000. உணவு விற்பனை 1,250,000 என்றால் உணவுச் செலவு 32 வீதம். இது பிழைத்துப்போகும் இடங்கள் இரண்டு. ஊழியர் சாப்பாட்டைக் கழிக்க மறப்பது ஒன்று. மாதக் கடைசி இரவு எண்ணவேண்டிய கையிருப்பை மறுநாள் மரக்கறி லொறி வந்து இறக்கிய பிறகு எண்ணுவது மற்றது. அதேபோல், கிலோ 300 ரூபாவுக்கு வாங்கிய கரட்டில் தோலும் காம்பும் 20 வீதம் போனால், சட்டிக்குள் போகும் கரட்டின் விலை கிலோ 375. மெனுவுக்கு விலை வைக்கும்போது 300ஐப் போடுகிறவர்கள் ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணத்தை விடுகிறார்கள்.

உணவுப் பாதுகாப்பில் மனப்பாடமாக வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரை ஆபத்து வலயம், குளிரூட்டி 5க்குக் கீழே, உறைபெட்டி மறை 18, மீளச் சூடாக்கினால் நடுப்பகுதி 75. சமைத்ததை ஆறவைப்பதில் இரண்டு படி: 60இலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். ‘இங்கே குளிர்தானே’ என்று பெரிய சட்டிச் சோற்றை மேசையில் விட்டுவிடுவது மலைநாட்டுச் சமையலறைகளின் நிரந்தரப் பிழை. வெளியே 14 பாகையாக இருக்கலாம், மூடிய ஆழச் சட்டியின் நடுவில் அது மணிக்கணக்காக ஆபத்து வலயத்திலேயே நிற்கும். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாமல் தட்டுகளில் பிரித்து வைக்கவேண்டும்.

உயரமும் சேர்ந்து விளையாடும். நுவரெலியா கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே. அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. கொழும்பில் எழுதிய சமையல் குறிப்பில் மூன்று நிமிடம் என்றிருக்கும் அரைவேக்காட்டு முட்டை அங்கே வழியும். பருப்பும் கிழங்கும் கூடுதல் நேரம் கேட்கும். எல்லவில் வித்தியாசம் இதைவிடக் குறைவு, ஆனால் இருக்கிறது. நீங்கள் சமைக்கப் போவதில்லை. ஆனாலும் ‘முட்டை வேகவில்லை’ என்று ஏழாம் அறை சொன்னால் குக்கைக் குறை சொல்லாமல் காரணம் தெரிந்து பேசலாம்.

ஹவுஸ்கீப்பிங்கில் விரிப்புக் கணக்கும் அப்படித்தான். பாடப்புத்தகம் மூன்று தொகுதி போதும் என்கும்: கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலுமாரியில் ஒன்று. மழைமாதத்தில் இரண்டு நாளாகியும் விரிப்பு காயாத ஊரில் அது போதாது, நான்காவது தொகுதி வேண்டும். 12 கட்டில், கட்டிலுக்கு இரண்டு விரிப்பு, நான்கு தொகுதி: 96 விரிப்புகள். மூன்றோடு சமாளிக்கும் விடுதியில் அரை ஈரத்தோடு மடித்து வைப்பார்கள், அறை முழுக்க ஒரு நெடி வரும். விருந்தினர் அதை இணையத்தில் ‘பழைய கட்டடம்’ என்று எழுதுவார்.

பாடநெறியில் சேர்ந்த பிறகு வரும் ஹோட்டல் பயிற்சிக் காலத்தில் ஒரு எச்சரிக்கை. பயிலுனர் என்றால் சம்பளமில்லாத கை என்று நினைக்கும் இடங்கள் உண்டு. ஆறு மாதமும் கிளாஸ் துடைத்துவிட்டு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்ற சுழற்சி அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். பயிற்சிப் பதிவேட்டில் ஒவ்வொரு வாரமும் கையொப்பம் வாங்குங்கள். கடைசி நாளில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால், அந்த மேற்பார்வையாளர் அதற்குள் மாலைதீவுக்குப் போயிருப்பார்.

ஆங்கிலம். இலக்கணப் புத்தகத்தில் தொடங்கவேண்டாம். உங்கள் மேசையில் ஒரு நாளில் பேசப்படும் வாக்கியங்கள் அறுபது, எழுபதைத் தாண்டாது. ஒரு வாரம் காதில் விழுவதை எழுதுங்கள், அவற்றையே பிழையில்லாமல் சொல்லப் பழகுங்கள். எண்களும் நேரமும் முதலில்: பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் காதுக்கு ஒன்றாகக் கேட்கும், அறை விலையில் அந்தப் பிழை அழவைக்கும். ஆகவே ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். பெயரின் எழுத்துகளைத் தொலைபேசியில் கேட்டு எழுதுவதையும் பழகுங்கள். சிங்களம் உங்களுக்கு வேலைத்தளத்தில் வந்திருக்கும், அதை விடாதீர்கள். ஷிப்ட் கூட்டம் பெரும்பாலும் அதில்தான் நடக்கும்.

அம்மாவின் பயத்தைச் சின்னதாக எண்ணவேண்டாம். அதில் பாதி நியாயம், அந்தப் பாதிக்கு ஏற்பாடு செய்யலாம். கேட்கவேண்டியது வேலை நேரம். காலை ஆறிலிருந்து பத்து, திரும்ப மாலை ஆறிலிருந்து பத்து என்று உடைத்துப் போடும் டியூட்டி ஹோட்டல்களில் சாதாரணம். இரவு பத்துக்குத் தோட்டத்துக்குப் பஸ் இராது. ஆகவே ஹோட்டல் வாகனம் வீடுவரை வருமா, பெண்களுக்குத் தனித் தங்குமிடம் உண்டா, அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதை நியமனக் கடிதத்துக்கு முன்பே கேளுங்கள். ஹோட்டல் ஸ்கூலுக்குப் போகும் நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வகுப்பறையையும் அங்கே படிக்கும் பெண்பிள்ளைகளையும் அவர் கண்ணால் பார்த்தால், நீங்கள் வீட்டில் பேசுவதைவிடப் பலன் கிடைக்கும்.

சம்பளம் பேசும்போது அடிப்படைச் சம்பளத்தைத் தனியாகக் கேளுங்கள். பில்லில் சேரும் 10 வீத சேவைக் கட்டணத்திலிருந்து ஊழியருக்கு வரும் பங்கு, சீசனில் அடிப்படையையே மிஞ்சலாம். ஆள் வராத மாதத்தில் கால்வாசிக்கும் இறங்கலாம். ‘மாதம் இவ்வளவு வரும்’ என்று சொல்லப்படும் தொகை பெரும்பாலும் நல்ல மாதத்தின் தொகை. கடந்த ஒரு வருடத்தின் மாதாந்தப் பங்கைக் கேட்டுப் பார்த்துவிட்டே கடன், தவணை எதற்கும் கையெழுத்து வையுங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் பக்கம் 8 வீதம், முதலாளி பக்கம் 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். இப்போதைய விடுதி இதை ஒழுங்காகக் கட்டுகிறதா என்று அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள், ஆதாரக் கோப்புக்கும் அது வேண்டும்.

சேவைக் கடிதத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வேலையில் இருக்கும்போது, மனேஜர் நல்ல மனநிலையில் உள்ள ஒரு நாளில், நீங்களே வேலைப் பட்டியலைத் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் பார்த்துத் திருத்திக் கையொப்பமிடுவார். ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு அதே கடிதத்துக்கு மாதக்கணக்கில் அலையவேண்டி வரும்.